ஜெபப்பெட்டிச் சாவி

ஜீவனஹள்ளி, பெங்களூரு
4.3.2024

அன்புள்ள அண்ணிக்கு சாந்தகுமாரி எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன். உங்கள் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? போனில் நான் கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், உங்கள் காதிலோ ஒன்றும் விழவில்லை. அதனால்தான் கடிதாசி. ஆறாவது வரை படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி என்னை விட்டுப் போய் இன்றைக்கு நாற்பத்தாறு நாள். நர்சரிக்கு ஆயா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். மத்தியானம் பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு நானும் சுவரில் சாய்ந்துகொள்வேன். கண் மூடியிருக்காது, ஆனாலும் கனவு வரும். அவர் லிஃப்டுக்குள் நின்று திருப்புளியால் எதையோ முடுக்கிக்கொண்டிருப்பார். "ஏறிக்கோ சாந்தா, ஓடுது" என்பார். ஏறுவதற்குள் யாராவது பிள்ளை மூத்திரம் என்று எழுந்துவிடும்.

ஒரு சேதி. சபையின் ஜெபப்பெட்டிச் சாவியை விட்டுவிட்டேன். பதினெட்டு வருஷமாக என் இடுப்பில் ஊக்கில் தொங்கின சாவி. உங்களுக்குத் தெரியும், வாசல் பக்கம் சுவரில் அறைந்த மரப்பெட்டி. தங்கள் பாரத்தை எழுதி, மடித்து, யார் வேண்டுமானாலும் போடலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நான் திறந்து, சீட்டு ஒவ்வொன்றையும் கையில் பிடித்து, மடிப்பைப் பிரிக்காமலே, "ஆண்டவரே, இதில் இருப்பது உமக்குத் தெரியும்" என்று ஜெபித்துவிட்டு, மண்சட்டியில் எரித்துச் சாம்பலைக் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டுவேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் எனக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டிக்கூடப் படிக்க மாட்டேன் என்றும் தெரியும். அதனால்தான் போட்டார்கள்.

போன மாதம் பெட்டியைத் திறந்துவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டு வந்துவிட்டேன். எட்டு நாள். கோயில் பெருக்குகிற கேரல்தான் எடுத்து வைத்திருந்து கொடுத்தாள். "உன் இடுப்புல இருக்க வேண்டியது அங்க தொங்குது. நாளைக்குத் தலையை எங்க வுட்டுட்டு வரப்போற?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

போன ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில் மோசேயைப் பற்றிப் பேசினார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அத்தனை ஜனத்தின் வழக்கையும் அவர் ஒருத்தரே கேட்கிறார். மாமனார் வந்து பார்த்துவிட்டு, நீ இப்படியே இருந்தால் களைத்து விழுவாய், சுமையைப் பிறருக்கும் கொடு என்கிறார். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் பாஸ்டர் என்ன சொன்னாரோ தெரியாது, நான் அந்த லிஃப்ட் கனவுக்குள் போய்விட்டேன். ஆராதனை முடிந்ததும் நேராகப் போய் லீனா கையில் சாவியைக் கொடுத்தேன். ஞாயிறு பள்ளி டீச்சர் லீனாதான். நல்ல படிப்பு, ஆபீஸ் வேலை, தங்கமான பெண்.

இடுப்பு லேசாக இருக்கிறது. சரிதானே அண்ணி?

இப்படிக்கு உங்கள்
சாந்தா


மாரிக்குப்பம், தங்கவயல்
12.3.2024

என் பிரியமான சாந்தாவுக்கு பிளோரா அண்ணியின் ஆசீர்வாதம்.

கடிதாசி கண்டேன். முட்டி அப்படியே இருக்கிறது, நானும் அப்படியே இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. ஒருத்திக்கு எதற்குச் சமையல் என்று டீயும் பன்னுமாக ஓட்டுவாய், தெரியும்.

சாவியைக் கொடுத்ததில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணிடம் இதற்கு முன் ஏதாவது கொடுத்துப் பார்த்திருக்கிறாயா? வேதத்தில் யோசேப்பை அடிமையாக வாங்கின எஜமான், வந்த அன்றைக்கே வீட்டை அவனிடம் விடவில்லை. அவன் செய்கிறதைப் பார்த்தான். பார்த்தபிறகுதான், தான் சாப்பிடுகிற சாப்பாட்டைத் தவிர மற்றதைக் கவனிப்பதையே விட்டான். நல்ல பெண் என்பது வேறு, சாவி வைத்துக்கொள்ளும் பெண் என்பது வேறு. நான் பொதுவாகச் சொல்கிறேன்.

அவனைக் கனவில் பார்க்கிறாய். எனக்கு வருவதில்லை.

தண்ணீர் டேங்கர் உங்கள் தெருவுக்கு வருகிறதா? இங்கே மூன்று நாளுக்கு ஒரு குடம்.

அன்புடன்
பிளோரா


ஜீவனஹள்ளி
7.4.2024

அன்பான அண்ணிக்கு,

நான் சுகம். டேங்கர் வந்தால் தெருவே ஓடுகிறது, நானும் இரண்டு குடத்தோடு ஓடுகிறேன். நீங்கள் குடம் தூக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நேற்று முதல் சனிக்கிழமை. கை பழக்கத்தில் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். வீட்டில் இருக்க முடியாமல் அல்சூர் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் இறங்கி, கரையோரம் சேறு வெடித்திருந்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அது அசையும்வரை நானும் அசையக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீருக்கு நடுவில் லிஃப்ட் கதவு ஒன்று திறந்தது. உள்ளே அவர் இல்லை. தரை முழுக்க ரோஸ் நிறத் தாள்.

அந்தத் தாளைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் மார்ச்சிலிருந்து பெட்டியில் மாதம் தவறாமல் ஒரு ரோஸ் நிறச் சீட்டு வந்தது. நாலாக மடித்து, ஒரு முனையை உள்ளே சொருகியிருக்கும். அது அவருடைய வேலைப் புத்தகத்துத் தாள். லிஃப்ட் பழுது பார்த்தால் வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவாரே, அந்தத் தாள். அந்த மடிப்பும் அவர் மடிப்புதான், பஸ் டிக்கெட்டைக்கூட அப்படித்தான் மடிப்பார். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது.

நான் பிரிக்கவில்லை, அண்ணி. வீட்டில் கேட்கவும் இல்லை. சோறு போடும்போது வாய்வரை வரும். கேட்டால் பெட்டிக்குத் துரோகம் என்று விழுங்கிவிடுவேன். அவரும் என் முகத்தைப் பார்ப்பார், குழம்பு நன்றாக இருக்கிறது என்பார். பதினொரு சீட்டு. பதினொன்றையும் கையில் பிடித்து ஜெபித்து எரித்தேன். ஜனவரியில் லிஃப்ட் அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதில் என்ன எழுதியிருந்தார்? பிரித்திருந்தால் இருந்திருப்பாரோ? இது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். அவர் மாதம் ஒருமுறை கோலார் பக்கம் வேலை என்று வந்து உங்களைப் பார்த்துவிட்டுத்தானே வருவார். உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

உங்கள்
சாந்தா


மாரிக்குப்பம்
29.4.2024

பிரியமான சாந்தாவுக்கு,

உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதம். கை நடுக்கம். வெயில் வேறு, கூரைத் தகடு அடுப்புக்கல் மாதிரி காய்கிறது. மாங்காய் வந்திருக்கிறது, ஊறுகாய் போட்டேன், யாராவது பெங்களூரு வந்தால் கொடுத்துவிடுகிறேன். எதிர் வரிசை வீட்டில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. என் காது வலப்பக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

போனதையே நினைக்காதே. நர்சரிப் பிள்ளைகளோடு இரு, வேளைக்குச் சாப்பிடு.

பிளோரா


ஜீவனஹள்ளி
20.5.2024

அன்பான அண்ணிக்கு,

மழை வந்துவிட்டது, இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை.

லீனா சீட்டுகளைப் படித்திருக்கிறாள். படித்ததோடு இல்லை. சபையில் ஜெபக் குழு என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வைத்திருக்கிறார்கள், நாற்பத்து மூன்று பேர். அதில் ஒவ்வொன்றாக எழுதிப் போட்டிருக்கிறாள், எல்லோரும் ஜெபிக்கட்டும் என்று.

ஸ்வர்ணாவை உங்களுக்குத் தெரியாது. துணிக்கடையில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் மறுபடியும் குடிக்கிறான், கை ஓங்குகிறான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று எழுதிப் போட்டிருக்கிறாள். அந்தக் குழுவில் அவள் புருஷனின் தம்பி இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் அவள் புருஷன் வாசலில் நின்றுகொண்டு, "வெளிய வாடி! ஊருக்கே எழுதிப் போடுறியா?" என்று கத்தினான். ஸ்வர்ணா எழுந்தாள். போகும்போது திரும்பி யாரைப் பார்த்தாள் தெரியுமா? லீனாவை இல்லை. என்னை. அவள் சீட்டுப் போட்டது என் பெட்டியில். சாவி கை மாறினது அவளுக்குத் தெரியாது. யாருக்குமே நான் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானம் லீனா வீட்டுக்குப் போனேன்.

"நான் பேர் போடலையேக்கா," என்றாள். "துணிக்கடையில் வேலை பார்க்கும், இரண்டு பெண் குழந்தைகள் உள்ள சகோதரின்னுதான் போட்டேன்."

"அப்படிப்பட்டவ நம்ம சபையில எத்தனை பேரு?"

அவள் அழுதாள். "என்னன்னு தெரியாம எப்படிக்கா ஜெபிக்கிறது? நீங்க எப்படித்தான் பண்ணீங்க? வெறும் பேப்பரைப் புடிச்சிக்கிட்டு..."

அவளைத் திட்டத்தான் போனேன். திட்டு வரவில்லை. படிக்கக் கூடாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? சாவியைக் கொடுத்தேன், சாவிக்கு உள்ளே இருந்ததைக் கொடுக்கவில்லை. நீங்கள் மார்ச்சிலேயே கேட்டீர்கள், கொடுத்துப் பார்த்தாயா என்று.

ஸ்வர்ணா இப்போது ஸ்ரீராம்புரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்களாம். அதற்கு மேல் தெரியாது.

சாந்தா


ஜீவனஹள்ளி
3.6.2024

அண்ணிக்கு,

போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? காதோடு முட்டியும் சேர்ந்து படுத்துகிறதா? இதை அவசரமாக எழுதுகிறேன்.

லீனா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது பெட்டியைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று அடிப்பலகையை நெம்பியிருக்கிறாள். பின்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் ஒரு சீட்டு சிக்கியிருந்ததாம்.

"அக்கா, இது ரோஸ் கலர்ல இருக்கு. அண்ணனோடதுன்னு நினைக்கிறேன். நான் இதைப் படிக்கல. சத்தியமா படிக்கல," என்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

பன்னிரண்டாவது சீட்டு. ஜனவரியில் நான் பெட்டியைத் திறந்தபிறகு, போவதற்கு முன் போட்டிருப்பார்; பிப்ரவரியில் என் கைக்கு வந்திருக்க வேண்டியது. முனை சொருகினது சொருகினபடியே இருக்கிறது. அதைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். எடுக்கிறேன், வைக்கிறேன்.

பிரிக்கட்டுமா அண்ணி?

சாந்தா


மாரிக்குப்பம்
8.6.2024

சாந்தாவுக்கு,

பிரிக்காதே. அவசரப்படாதே. அப்புறம் எழுதுகிறேன்.

பிளோரா


ஜீவனஹள்ளி
15.6.2024

அன்பான அண்ணிக்கு,

வணக்கம் சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். உங்கள் இரண்டு வரியைப் பலமுறை படித்துவிட்டேன். ஏன் பிரிக்கக் கூடாது என்று அதில் இல்லை.

நேற்று மத்தியானம் நர்சரியில் மழை இருட்டு. பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டன. ஜன்னல் கம்பியில் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக நடந்துபோனது. அவர் வந்து ஒரு சின்னப் பாயில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். நீளமான ஆள், கால் வெளியே வந்துவிட்டது. "யாருகிட்ட கொடுத்த சாந்தா?" என்று கேட்டார். நான், சாவியையா, சீட்டையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்புறம் அந்தப் பாயில் வேறு யாரோ பிள்ளைதான் இருந்தது.

வீட்டில் வைத்திருந்தால் நான் பிரித்துவிடுவேன். பதினெட்டு வருஷம் பிரிக்காத கை இப்போது தாங்காது. அதனால் சீட்டை இந்தக் கவருக்குள்ளேயே வைத்து உங்களுக்கு அனுப்புகிறேன். ரிஜிஸ்டர் தபால். நீங்கள் படியுங்கள். எனக்குச் சொல்லலாம் என்றால் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் எரித்துவிடுங்கள். நீங்கள் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஒருமுறை ஆள் பார்க்காமல் கொடுத்துச் சூடு பட்டுவிட்டேன். இந்தமுறை பார்த்துத்தான் கொடுக்கிறேன். இந்த உலகத்தில் உங்களைவிட நம்பிக்கையானவர் எனக்கு யார் இருக்கிறார்கள்?

முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள்
சாந்தா


மாரிக்குப்பம்
27.7.2024

என் சாந்தாவுக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் சீட்டு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். முனையைப் பார், சொருகினபடியே இருக்கும். நான் பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் மார்ச்சில் தம்பி யூஜின் ஒரு ரிப்போர்ட்டோடு இங்கே வந்தான். கோலார் பக்கம் வேலை என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தது டாக்டரைப் பார்க்க. இதயத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு எங்கள் அப்பா கதை தெரியும், முழுசாகத் தெரியாது. அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது இவனுக்கு ஒன்பது வயது. கதவுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா அந்த மேசையிலேயே போய்விட்டார். கதவு திறந்தது, ஆள் வரவில்லை. "அந்தக் கதவுக்குள்ள நான் போகமாட்டேங்க்கா," என்றான். மாத்திரையிலேயே ஓட்டிவிடலாம் என்றான்.

"சாந்தாகிட்ட சொல்லுடா," என்றேன்.

"சொன்னா ஒவ்வொரு படியிலயும் என் கையைப் புடிப்பா. தூங்குறேனா மூச்சு விடுறேனான்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பா. அவ சிரிக்கிறதை நிப்பாட்டிட்டு நான் உயிரோட இருந்து என்னா பண்ண? உன் வாயை மூடு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மாதாமாதம் வந்தான். மாதாமாதம், சொல்லிட்டியாடா என்று கேட்பேன். "பெட்டியில போட்டுட்டேங்க்கா. அவ கையிலதான் இருக்கு," என்பான். எனக்குப் புரியவில்லை. நீ ரோஸ் தாளைப் பற்றி ஏப்ரலில் எழுதினபோதுதான் புரிந்தது. அதற்குப் பதிலாகத்தான் மாங்காய் ஊறுகாய் பற்றி உனக்கு எழுதினேன்.

உனக்கு உபதேசம் செய்தேன், யோசேப்பு, எஜமான் என்றெல்லாம். கொடுக்கிறவன் ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று. வாங்குகிறவளும் பார்த்து வாங்க வேண்டும் அல்லவா? அவன் என்னை நம்பினது தப்பு. நம்பிக் கொடுத்ததை நான் வாங்கி வைத்துக்கொண்டது அதைவிடத் தப்பு. அவன் ரகசியத்தைக் காத்தேன், அவனைக் காக்கவில்லை. நீ சீட்டைப் பிரிக்காததற்கு அழுகிறாய். உன் கை சுத்தம். நான் பிரித்தே வைத்திருந்தேன், பத்து மாதம்.

என்னைவிட நம்பிக்கையானவர் யார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பொழுது போனது தெரியவில்லை.

நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

பிளோரா


ஜீவனஹள்ளி
8.9.2024

அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று இந்தமுறை சும்மா எழுதவில்லை. தைலம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கனவிலும் அவர் வரவில்லை. லிஃப்ட் வந்தது, கதவு திறக்கவில்லை.

ஆகஸ்டில் பாஸ்டரிடம் போய், அந்த மோசே பிரசங்கத்தின் மீதியைச் சொல்லுங்கள் ஐயா, நான் பாதியில் போய்விட்டேன் என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார். மாமனார் சுமையைக் கொடு என்றதோடு நிறுத்தவில்லையாம். எப்படிப்பட்டவர்களிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாராம். தேவனுக்குப் பயப்படுகிறவர்கள், உண்மையாக இருக்கிறவர்கள், கைநீட்டி வாங்காதவர்கள் என்று. தேடிப் பார்த்துக் கொடு என்று. நான் தூங்கினது அந்த இடத்தில்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, சபை முன்னால் சொன்னேன். சாவியைக் கொடுத்தது நான், கொடுத்ததைச் சொல்லாமல் இருந்ததும் நான், ஸ்வர்ணாவுக்கு வந்தது என்னால் என்று. லீனாவும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்ரீராம்புரம் போனோம். ஸ்வர்ணா கதவைத் திறந்து, வழியை மறித்தபடி நிலையில் கை வைத்து நின்றாள். நெற்றியில் தழும்பு இருக்கிறது. அப்புறம், "அந்த வீட்டுக்கு இனிமே போகமாட்டேங்க்கா. பிள்ளைங்க இங்க பயமில்லாம தூங்குதுங்க. ஆனா சீட்டு மட்டும் இனிமே போட மாட்டேன்," என்றாள். சரி என்றோம். டீ கொடுத்தாள், குடித்தோம்.

அப்புறம் சாவி. யாரிடம் என்று யோசித்துக்கொண்டு கறிவேப்பிலை மரத்தடியில் நின்றிருந்தேன். கேரல் துடைப்பத்தோடு வந்தாள். அவள் வாய் உங்களுக்குத் தெரியாது. ஓயாது. பாஸ்டரின் பிரசங்கம் நீளம் என்று பாஸ்டரிடமே சொல்வாள்.

"இன்னாடி, மரத்துக்குச் சாவி கொடுக்கப் போறியா?" என்றாள்.

நான் சும்மா கேட்டேன். "பிப்ரவரியில எட்டு நாள் இது உன்கிட்டதானே இருந்துச்சு. பெட்டியைத் திறந்து பார்த்தியா?"

துடைப்பத்தை மரத்தில் சாய்த்தாள். கேலி பண்ணாமல், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"அந்த வாரம் நானும் ஒண்ணு எழுதிப் போட்டிருந்தேன். போட்டப்புறம், ஐயோ, இதைப் போய் எழுதினோமேன்னு ஆயிடுச்சு. சாவி வேற கையில இருக்கு. ரெண்டு தரம் பெட்டிகிட்டப் போய் நின்னேன். தொறந்து என்னுதை எடுக்கணும்னா மத்தவங்களுதையும் கிளறணும்ல? போய்த் தொலையுதுன்னு வந்துட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "என்னா எழுதினேன்னு கேக்காத. சொல்ல மாட்டேன்."

கேட்கவில்லை. ஊக்கோடு சாவியை எடுத்து அவள் இடுப்பில் மாட்டினேன். படிக்கக் கூடாது, சொல்லக் கூடாது, பாரம் என்றால் என்னிடம் வந்து சேர்ந்து ஜெபிக்கலாம் என்று இந்தமுறை வாய்விட்டுச் சொன்னேன். "என்னா இது, கல்யாண ஒப்பந்தம் மாதிரி?" என்றாள். ஆனால் ஊக்கை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாவி இனிக் கேரலிடம் என்று பாஸ்டர் சபையில் சொல்லிவிட்டார்.

இனி அந்தச் சீட்டு.

பிரித்தேன், அண்ணி. ஏரிக்கரையில், காலை வெளிச்சத்தில். இப்போது தண்ணீர் நிறைந்து கரை தொட்டுக்கொண்டிருக்கிறது. "அவ கையிலதான் இருக்கு" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது என் கைக்கு என்று எழுதினது, உங்களுக்கு அல்ல என்று அதில் தெரிந்துவிட்டதால் பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்து வரி. அடைப்பு என்றோ டாக்டர் என்றோ ஒரு வார்த்தை இல்லை. மற்ற பதினொன்றில் இருந்ததோ என்னவோ. நீங்கள் தெரியும் என்று எழுதினீர்களே, உங்களுக்குத் தெரியாது. ஒரு வரி மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் அவருடைய அக்கா: "ஆண்டவரே, இதைப் பிடித்திருக்கிற கை சூடாக இருக்கும், அது எனக்குப் போதும், அந்தக் கையை நீர் பிடித்துக்கொள்ளும்." மற்ற நாலு வரி என்னோடு.

பதினொரு மாதம் அவர் சொல்லவில்லை என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை என்று நினைத்தேன். அந்தப் பதினொரு சனிக்கிழமையும் அவர் கையை நான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பிரித்திருந்தால் இருந்திருப்பாரா என்ற கேள்வி போகவில்லை. வருகிறது, உட்காருகிறது, எழுந்து போகிறது. அந்தக் கதவுக்குள் போகமாட்டேன் என்று முடிவு செய்தது அவர்தான், நானும் இல்லை, நீங்களும் இல்லை.

தாளின் ஓரத்தில் இடம் இருந்தது. அதில் நான் பதில் எழுதினேன். அவர் மடிப்பிலேயே மடித்து, முனையைச் சொருகி, வெள்ளிக்கிழமை போய்ப் பெட்டியில் போட்டேன். பதினெட்டு வருஷத்தில் நான் போட்ட முதல் சீட்டு. உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் திரும்ப எடுக்கலாமா என்று விரலைத் துவாரத்தில் விட்டுப் பார்த்தேன். அத்தனை பேரும் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று முதல் சனிக்கிழமை. கேரல் திறந்தாள். நான் கொஞ்சம் எட்ட இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பதினைந்து சீட்டு இருந்தது. ஒன்று ஸ்டேப்ளர் அடித்து வந்திருந்தது, லீனாவாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கேரல் முணுமுணுத்தாள். ரோஸ் சீட்டு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் தாள் தெரியும், அவரை எத்தனை தரம் கேலி செய்திருக்கிறாள், கல்யாணப் பத்திரிகை மாதிரி புத்தகம் வைத்திருக்கிறீர்களே என்று.



அவள் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடினாள். "ஆண்டவரே, இதுல இருக்கிறது உமக்குத் தெரியும். எனக்கு வேணாம்," என்றாள். சட்டியில் போட்டாள். ரோஸ் தாள் முதலில் சுருண்டு, அப்புறம் விரிந்து, அப்புறம் எரிந்தது. அடுத்த சீட்டை எடுத்துவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் கனவில் லிஃப்ட் திறந்தது. ஏறினேன். எந்த மாடி என்று தெரியவில்லை, மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. பயமாக இல்லை.

இன்றைக்குச் சிவாஜி நகரில் மாதா கோயில் திருவிழாக் கூட்டம், பஸ் நகரவில்லை. அதனால் இதை நாளைக்குத்தான் தபாலில் போடுவேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் பாசஞ்சரில் ஏறி கண்டோன்மென்டில் இறங்குங்கள், நான் வந்து நிற்கிறேன். படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்வேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஊறுகாய் மறக்காதீர்கள். ஒரு துண்டுத் தாளும் கொண்டு வாருங்கள். உங்களுக்கும் போடுவதற்கு ஒன்று இருக்கும். கேரல் படிக்க மாட்டாள்.

நானும் கேட்க மாட்டேன்.

உங்கள்
சாந்தா